வாயடைக்கும் வழக்குகள்: கலிஃபோர்னியாவா, ஒன்டாரியோவா?

விமர்சித்தவரைச் செலவிலேயே நசுக்கப் போடும் வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய கலிஃபோர்னியாவில் 1992 முதலும், கனடாவின் ஒன்டாரியோவில் 2015 முதலும் சட்டம் இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் பிரதிவாதி மனு போட்டதுமே ஆவணம் கேட்பது, சாட்சிகளைக் குடைவது எல்லாம் பொதுவாக நின்றுவிடும். பணம் கரைவதே அங்கேதான் என்பதால் இது பெரிய நிம்மதி. அப்புறம் வழக்கில் ஓரளவாவது சரக்கு இருப்பதை வாதி காட்ட வேண்டும். காட்டிவிட்டால் வழக்கு நடக்கும்.

ஒன்டாரியோவில் அது மட்டும் போதாது. வாதிக்கு நேர்ந்த பாதிப்பு பெரிதா, அந்தப் பேச்சைக் காப்பதிலுள்ள பொதுநலன் பெரிதா என்றும் நீதிபதி எடைபோடுவார். சூ செயின்ட் மரீ நகரில் ஒரு குடியிருப்புத் திட்டத்தை எதிர்த்த சங்கத்தின் தலைவர் தீர்ப்பாயத்தில் சாட்சி சொன்னார். அது தங்களோடு போட்ட ஒப்பந்தத்தை மீறியது என்று திட்ட நிறுவனம் 60 லட்சம் டாலர் கேட்டது. அவதூறு வழக்குகூட இல்லை, பாருங்கள்! 2020-இல் கனடா உச்ச நீதிமன்றமும் சங்கத்தின் பக்கமே நின்றது.

ஜெயித்த பிரதிவாதிக்கு கலிஃபோர்னியாவில் வக்கீல் கட்டணம் கிடைக்கும். ஒன்டாரியோவில் பொதுவாக வழக்கின் முழுச் செலவே கிடைக்கும்.

என் ஓட்டு ஒன்டாரியோவுக்கு. ஆனால் எடைபோடுவது நீதிபதிக்கு நீதிபதி மாறும், முடிவை முன்கூட்டியே கணிப்பது கஷ்டம்.