வயதான பூனையின் பொடுகு: குளிப்பாட்டலா, மீன் எண்ணெயா, பிரஷ்ஷா?

அம்முவுக்கு 14 வயது. கறுப்புப் பூனை என்பதால் பொடுகு வந்ததும் பளிச்சென்று தெரிந்துவிட்டது. வாலுக்குச் சற்று மேலே, இடுப்பின் இரண்டு பக்கமும், மாவு தூவினது போல இருந்தது. தடவினால் உள்ளங்கையில் வெள்ளைச் செதில்கள் ஒட்டின, ரோமமும் அங்கே மட்டும் பிசுபிசுப்பாகக் கற்றை கற்றையாகப் பிரிந்து நின்றது. தலை, கழுத்து, மார்பு எல்லாம் எப்போதும் போலப் பளபளப்பு. இந்த வித்தியாசம் முதல் நாளே என் கண்ணில் பட்டும் நான் அதைப் பொருட்படுத்தவில்லை, ஆனால் விடை அதில்தான் இருந்தது.

ஏழெட்டு மாதங்களில் மூன்று வழிகளை முயன்று பார்த்தேன்: ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவது, சாப்பாட்டில் மீன் எண்ணெய் கலப்பது, தினமும் பிரஷ்ஷால் சீவிவிடுவது. கடைசியில் நிலைத்தது சீவிவிடுவதுதான். எந்த வழிக்குப் போனாலும் அதற்கு முன் ஒரு முறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், ஏனென்றால் பொடுகு போலத் தெரிவதெல்லாம் வறண்ட தோல் கிடையாது. செய்லெட்டியெல்லா என்ற நுண்ணிய உண்ணி இருந்தால் செதில்களே நகர்வது போல இருக்கும், அது நமக்கும் தொற்றி அரிக்கும். தெள்ளுப்பூச்சி, படர்தாமரை இரண்டிலும் செதில் உதிரும். வயதான பூனையென்றால் தைராய்டு அதிகமாகச் சுரப்பது, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு எல்லாமே முதலில் ரோமத்தில் தெரியலாம், அதிலும் எடை குறைந்து தண்ணீர் அதிகம் குடிக்க ஆரம்பித்திருந்தால் தள்ளிப்போடவே கூடாது. அம்முவின் ரத்தப் பரிசோதனையில் கோளாறு எதுவும் இல்லை. இடுப்பு மூட்டை மருத்துவர் அழுத்திப் பார்த்தபோதுதான் சட்டென்று திரும்பிக் கையைக் கவ்வப் போனாள்.

முதலில் குளிப்பாட்டியது. பூனைக்கென்றே வரும் ஓட்ஸ் ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பக்குவமாகத்தான் செய்தேன். இரண்டு நாள் முதுகு சுத்தமாக இருந்தது, அடுத்த வாரமே பழையபடி ஆகிவிட்டது. அடிக்கடி குளிப்பாட்டினால் தோலில் இருக்கிற கொஞ்ச நஞ்ச எண்ணெயும் போய் இன்னும் வறண்டுவிடும். இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, வழுக்கும் தரையில் மூட்டு வலியோடு நிற்க வைத்துப் பிடித்துக்கொள்வது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது. அன்று சாயங்காலம் வரை கட்டிலுக்கு அடியிலிருந்து வரவே இல்லை. தோலில் கிருமித் தொற்று இருந்து மருத்துவர் மருந்து ஷாம்பு எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம், போட்டுத்தான் ஆக வேண்டும். மனிதர்களின் பொடுகு ஷாம்பு, டீ ட்ரீ எண்ணெய் சேர்ந்த எதுவும் வேண்டவே வேண்டாம். உடம்பில் பூசுவதையெல்லாம் பூனை நக்கி விழுங்கும், டீ ட்ரீ எண்ணெய் அதற்கு விஷம்.

அடுத்தது மீன் எண்ணெய். இதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. அதிலுள்ள ஈபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா 3 கொழுப்புகள் தோலின் அழற்சியைக் குறைப்பவை. தாவர எண்ணெயிலுள்ள ஒமேகா 3-ஐ இந்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் திறன் பூனையின் உடம்பில் மிகக் குறைவு, அதனால் ஆளி விதை எண்ணெய் ஊற்றிப் பெரிய பயன் இல்லை. மீன் ஈரல் எண்ணெயையும் மீன் எண்ணெயையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி இரண்டும் அதிகம், நாள்கணக்கில் சேர்ந்தால் பூனைக்குக் கெடுதல். இன்னொன்று, 1000 மில்லிகிராம் மாத்திரை என்று போட்டிருந்தாலும் சாதாரண வகையில் ஈபிஏ, டிஹெச்ஏ சேர்ந்து 300 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும், மருத்துவர் சொல்லும் அளவை இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும்.

பலன் தெரிய குறைந்தது ஆறிலிருந்து எட்டு வாரமாவது ஆகும், இடையில் நாள் தவறக் கூடாது. எனக்குச் சிக்கலானது இதுதான். அம்மு முதல் பத்து நாள் சாப்பிட்டாள், அப்புறம் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு நகர ஆரம்பித்தாள். திறந்த பாட்டிலில் எண்ணெய் காறிப்போக ஆரம்பித்ததும் நாம் கண்டுபிடிப்பதற்கு முன்பே பூனைக்கு வாசனை தெரிந்துவிடுகிறது. வயதான பூனை எண்ணெய்க்குப் பயந்து சாப்பாட்டையே குறைத்துக்கொண்டால் பொடுகைவிடப் பெரிய தொல்லை, அதனால் நிறுத்திவிட்டேன். ஆக, எட்டு வாரம் முழுதாகக் கொடுத்துப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. உங்கள் பூனை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறது என்றால் என் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈர உணவுக்கு மாறியது இந்தப் போட்டியில் சேராது, எப்படியும் செய்ய வேண்டியதுதான். உலர் உணவில் பத்து சதவீத அளவில்தான் தண்ணீர், ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்.

சரி, பிரஷ். எந்த வழியானாலும் நான் பார்த்தது ஒன்றே ஒன்று: இந்தப் பூனை இதை நாள் தவறாமல், வாழ்நாள் முழுக்கத் தாங்குமா? வயதான பூனையின் பொடுகு ஒரு தடவை துடைத்தால் போய்விடுகிற அழுக்கு இல்லை. பூனை நாக்கிலுள்ள முட்களின் நுனி குழிவாக இருக்கும், அதில் எச்சிலை ஏந்தி ரோமத்தின் அடிவரை கொண்டுபோகிறது என்று 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தோலில் சுரக்கும் எண்ணெயைப் பரப்புவதும், உதிரும் தோலையும் ரோமத்தையும் அன்றன்றைக்கே அகற்றுவதும் அந்த நாக்குதான். 12 வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு மூட்டுத் தேய்மானம் இருக்கும். இடுப்பை வளைத்துத் திரும்ப முடியாத பூனைக்கு முதலில் எட்டாமல் போவது வாலுக்கு மேலே உள்ள இடம். அம்முவின் முதுகில் செதில் இருந்ததும் அதே இடத்தில்தான். அவளுக்கு எட்டாததை நான் செய்துகொடுத்தால் போதும் என்று இங்கேதான் புரிந்தது.

முதலில் வாங்கிய கம்பிப் பற்கள் உள்ள பிரஷ் தவறான தேர்வு. வயதான பூனைக்கு முதுகெலும்பு துருத்திக்கொண்டிருக்கும், தோலும் மெலிந்துவிடும், கம்பி அதில் கீறும். இப்போது மென்மையான ரப்பர் பிரஷ். துணியை வெந்நீரில் நனைத்து ஒட்டப் பிழிந்து, சூடு ஆறியதும் முதுகில் ஒரு தடவை ரோமம் படியும் திசையில் இழுத்துவிடுகிறேன், அப்போதுதான் செதில் பறக்காமல் பிரஷ்ஷில் ஒட்டும். ஆரம்பிப்பது எப்போதும் கன்னத்திலும் தாடைக்கு அடியிலும், அவளே தலையைத் தூக்கிக் கொடுக்கும் இடம் அது. பிறகு கழுத்து, தோள், கடைசியில்தான் இடுப்பு, அதுவும் பிரஷ்ஷை அழுத்தாமல். இடுப்பில் முதல் இழுப்புக்குத் தோல் அலை போலத் துடிக்கும், அங்கே ஒரு நொடி கையை நிறுத்தி வைத்தால் அடங்கும். அடங்காமல் வால் நுனி பட்பட்டென்று அடிக்க ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மூன்று நிமிடம் கிடைத்தாலே பெரிது.

முதல் இரண்டு வாரம் பொடுகு கூடினது போலவே இருந்தது, ஒட்டிக்கிடந்ததெல்லாம் மேலே கிளம்பி வந்தது. அங்கே பயந்து நிறுத்தியிருந்தால் போயிற்று. ஐந்தாவது வாரம் இடுப்பு ரோமம் கற்றை பிரியாமல் படிந்திருந்தது. முழுக்கப் போய்விடவில்லை. குளிர் நாட்களில் கொஞ்சம் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது, நான் நாலு நாள் ஊரில் இல்லாவிட்டாலும் திரும்ப வந்துவிடுகிறது. ஆனால் இதற்கு மாதாமாதம் வாங்க வேண்டியது எதுவும் இல்லை, தினமும் உடம்பைத் தடவிப் பார்ப்பதால் எடை குறைந்தாலோ புதிதாகக் கட்டி வந்தாலோ கைக்கே தெரிந்துவிடும். அம்முவின் வயிற்றில் மிளகு அளவு கட்டி ஒன்று அப்படித்தான் அகப்பட்டது. கொழுப்புக் கட்டிதான் என்று மருத்துவர் ஊசியில் எடுத்துப் பார்த்துச் சொன்னார்.

மூட்டு வலிக்கும் சேர்த்து மருத்துவரிடம் வழி கேளுங்கள். வலி குறைந்தால் பூனை தானே கொஞ்சம் நக்கிக்கொள்ள ஆரம்பிக்கும், இது பிரஷ்ஷைவிட நேரான மருந்து. நம் வீட்டு மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பாராசிட்டமால் ஒன்றே பூனையின் உயிரை எடுத்துவிடும். வாயையும் பார்க்கச் சொல்லுங்கள், பல் வலித்தாலும் பூனை நக்கிக்கொள்வதை நிறுத்திவிடும்.

அம்முவுக்குக் குட்டை ரோமம், எடையும் அளவாக இருப்பவள். நீள ரோமப் பூனைக்கும், மிகவும் பருத்த பூனைக்கும் மூன்று நிமிட ரப்பர் பிரஷ் போதுமா என்று என் கை அறியாது. ரோமம் சடையாகத் திரண்டிருந்தால் மட்டும் கத்தரிக்கோலால் வெட்டப் போகாதீர்கள், சடையோடு தோலும் கூடாரம் போல மேலே இழுபட்டு வரும், எது ரோமம் எது தோல் என்று தெரியாமல் வெட்டிவிடுவோம். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து பிரித்துப் பாருங்கள், பிரியாவிட்டால் மருத்துவரிடம் கொண்டுபோய் மெஷினால் மழித்துவிடுங்கள், அடித்தோல் ஆறிய பிறகு பிரஷ்ஷைத் தொடலாம்.