மோட்டார் காயில் கட்டக் கொடுக்கிறீர்களா? பழைய கம்பியைக் கேட்டு வாங்குங்கள்

மூன்று ஃபேஸ் பம்பு மோட்டார் ஒன்று, காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) புகைந்து நின்றது. பட்டறையில் கொடுத்தேன். இரண்டே நாளில் புதுப் பெயின்ட் மினுமினுக்கத் திரும்பி வந்தது. “எல்லாம் சுத்தமான செம்பு, சார்” என்றார் பட்டறைக்காரர். பழைய கம்பி எங்கே என்று கேட்டதற்கு, “அது எரிந்த கரி, சார்” என்று சிரித்தார். நானும் அசடு போலச் சிரித்தேன். எரிவது கம்பி மேல் பூசிய எனாமல் காப்புதான், செம்பு எங்கே போகும்?

முதல் நாளே மோட்டார் கொதித்தது. “புதுக் காயில் அப்படித்தான்” என்று பதில் வந்தது. நான்காவது மாதம் மறுபடியும் புகை.

இந்த முறை வயதான வைண்டர் ஒருவரிடம் போனேன். கம்பி முனையைக் கத்தியால் சுரண்டினார். செம்பு நிறம் எனாமலில் மட்டும்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். அலுமினியத்தில் மோட்டாரே கட்டக்கூடாது என்பதல்ல. அதன் மின்கடத்தும் திறன் செம்பில் ஏறத்தாழ 61 சதவீதம். செம்புக்கு அளந்து வெட்டிய ஸ்லாட்டில் (கம்பி உட்காரும் பள்ளம்) அதே பருமனில் போட்டால் சூடேறத்தான் செய்யும்.

“செம்பு வாங்கித் தருகிறேன், நீங்களே கட்டிவிடுங்கள் ஐயா” என்றேன். அவர் ஸ்டேட்டரின், அதாவது காயிலைத் தாங்கும் சுழலாத பகுதியின், உட்புறத்தைத் துடைத்துக் காட்டினார். ஸ்லாட்டுகளுக்கு இடையே உள்ள பற்களில் நீலமும் கறுப்பும் படர்ந்திருந்தன. பழைய காயிலைச் சீக்கிரம் உருவ, கேஸ் டார்ச்சை நேராகப் பிடித்து எரித்திருக்கிறார்கள். ஸ்டேட்டரின் இரும்புப் பகுதியான கோர் ஒரே இரும்புக் கட்டியல்ல. அரை மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள சிலிக்கான் எஃகுத் தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்கு இடையே உள்ள மெல்லிய காப்புப் பூச்சு தீய்ந்துவிட்டால், இரும்புக்குள்ளேயே சுற்றி வீணாகும் சுழல் மின்னோட்டம் பெருகி, பம்பைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓட்டினாலும் கோர் சூடாகும். அதனால்தான் ஒழுங்கான பட்டறைகளில் வெப்பம் 370 டிகிரி செல்சியஸைத் தாண்டாதபடி அடுப்பில் வைத்து எரிக்கிறார்கள்.

பெரியவர் கோருக்குள் கேபிளை நாலைந்து முறை நுழைத்துச் சுற்றி மின்சாரம் விட்டார். சற்று நேரத்தில் ஓரிடம் மட்டும் தொட முடியாமல் சுட்டது. “இதில் தங்கக் கம்பி கட்டினாலும் நிற்காது, தம்பி” என்றார். கூலி வாங்கவில்லை.

ஆகவே கொடுப்பதற்கு முன்பே எப்படி எரிப்பார்கள் என்று கேளுங்கள். வார்னிஷ் போடும் முன் நேரில் போய்க் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். பழைய செம்பு உங்களுடையது, எடைபோட்டு வாங்குங்கள். காயிலை உருவியதும் கோரைப் படம் எடுத்து வையுங்கள். என்னிடம் படம் இல்லை. முதல் பட்டறைக்காரர் இப்போது சொல்கிறார்: “கோர் வரும்போதே அப்படித்தான் இருந்தது, சார்.”