சொல்வதெழுதலா, சொற்குடும்பமா? தரம் 6–9இல் எழுத்துப்பிழையும் பாடச்சொற்களும்

எழுத்துப்பிழையைத் திருத்த இலங்கைத் தமிழ் வகுப்பறையில் இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன. ஒன்று, கிழமைக்கு 20 சொல் கொடுத்து வெள்ளிக்கிழமை சொல்வதெழுதல் வைப்பது. மற்றது, ஒரே சிக்கலுள்ள சொற்களைக் குடும்பமாகச் சேர்த்துக் காரணத்தோடு படிப்பிப்பது. விஞ்ஞானம், கணிதம் போன்ற பாடங்களின் கலைச்சொற்களான பாடச்சொற்களிலும் அப்படித்தான்: வரைவிலக்கணத்தைப் பாடமாக்கவிடுவதா, சொல்லைப் பிரித்துக் காட்டுவதா?

சொல்வதெழுதலுக்கு ஆயத்தம் குறைவு; 15 நிமிடத்தில் முடியும். ஆனால் 35 பிள்ளைகளின் கொப்பியில் 20 சொல் என்றால் திருத்துவதற்கு 700 சொற்கள். அதைவிடப் பெரிய குறை வேறு. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். சொல்வதெழுதலில் ஆசிரியர் நாக்கை மடித்து ‘ழ’வை அழுத்திச் சொல்ல, பிள்ளை சரியாக எழுதிவிடும். அடுத்த நாள் விஞ்ஞானக் கொப்பியில் அந்த ஒலி உதவிக்கு இல்லை. ஒளித்தொகுப்பு, வளிமண்டலம், இழையம் என்பவை ‘ஒழித்தொகுப்பு’, ‘வழிமண்டலம்’, ‘இளையம்’ என்று வந்துவிடுகின்றன. பிழைவிட்ட சொல்லைப் பத்துத் தரம் எழுதச் சொல்வதும் பயன்தராது. பிள்ளை முதலெழுத்தை மேலிருந்து கீழாகப் பத்துத் தரம் எழுதி, பிறகு இரண்டாம் எழுத்துக்கு வரும். மூன்றாம் வரியில் பிழைத்தால் பத்தாம் வரி வரை அதே பிழைதான்.

சொற்குடும்ப முறையின் பலம், ஒரு விதி பல சொற்களைக் காப்பாற்றுவது. தரம் 6இலேயே படிப்பிக்க வேண்டியது இது: தமிழில் ஒரு சொல்லுக்குள் ஒரு மெய்யை அடுத்து க்க, ச்ச, த்த, ப்ப என்ற இரட்டை வர வேண்டுமானால், அந்த முதல் மெய் ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகவே இருக்கும். ஆராய்ச்சி, வளர்ச்சி, நிகழ்ச்சி, வீழ்ச்சி, வாழ்க்கை, வாழ்த்து எல்லாம் இதில் அடங்கும். ஆகவே ‘நிகள்ச்சி’ என்று எழுத இடமே இல்லை. அதே விதியின் மறுபக்கம்: ட், ற் இரண்டுக்கும் பின்னால் இரட்டை வராது. ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’, ‘கட்ச்சி’ மூன்றும் ஒரே நாளில் முயற்சி, பயிற்சி, கட்சி ஆகிவிடும். ழகரம் தானும் இரட்டிக்காது. பள்ளம், வெள்ளம், துள்ளல் பற்றிக் கவலையில்லை.

நடத்துவது எளிது. 12 சொல் அட்டைகள், இருவருக்கு ஒரு கட்டு. முதல் 5 நிமிடம் பிரித்து அடுக்க வேண்டும். அடுத்த 5 நிமிடம் ஏன் அப்படி அடுக்கினோம் என்று சொல்ல வேண்டும். பிறகு 10 நிமிடம் வசனம் எழுத வேண்டும். தமிழ்நாட்டுப் பயிற்சித்தாள்களில் ல, ள, ழ என்று மூன்று நிரல் இருக்கும். இங்குள்ள பிள்ளைக்கு லகரம் காதாலேயே பிரியும்; ள, ழ இரண்டு நிரலே போதும், நேரமும் மிஞ்சும்.

விதி கைகொடுக்காத இடம் வளி/வழி, ஒளி/ஒழி போன்ற சோடிகள். இவற்றை முதல்நாளே பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் குழப்பம் கூடும். வளி, வளிமண்டலம், வளிமண்டல அமுக்கம் என்ற குடும்பத்தை ஒரு கிழமை பழக்குங்கள். வழி, வழிமுறை, வழிகாட்டி அடுத்த கிழமை. அதன் பிறகே இரண்டையும் கலக்கலாம்.

எழுத்துப்பிழைக்கு எங்கள் தெரிவு குடும்ப முறைதான். சொல்வதெழுதல் படிப்பிக்கும் கருவி அல்ல, சோதிக்கும் கருவி. மூன்று நாள் கழித்து, முன்னறிவித்தல் இன்றி, தனிச்சொல்லாக அல்லாமல் 5 முழு வசனங்களாக, வழமையான பேச்சு ஒலியில் வையுங்கள். அப்போதுதான் உண்மை தெரியும்.

பாடச்சொற்களுக்கு வருவோம். வரைவிலக்கணத்தைப் பாடமாக்கிய பிள்ளை அதை ஒப்புவிக்கும். கேள்வி சற்று மாறினால் தடுமாறும். பிரித்தறியும் முறை பொருளையும் எழுத்தையும் சேர்த்தே கொடுக்கிறது. காபன் + ஈர் + ஒட்சைட்டு என்று பிரித்தால், ‘ஈர்’ இரண்டு ஒட்சிசன் அணுவைக் குறிப்பது விளங்கும். ‘காபனிரொட்சைட்டு’ என்று குறிலாக எழுதும் பிழையும் மறையும். சுற்று + அளவு, பரப்பு + அளவு என்று பிரித்த பிள்ளை சுற்றளவுக்குப் பதிலாகப் பரப்பளவைக் கணிப்பது குறையும். தமிழ் வேரிலிருந்து கலைச்சொல்லை விளக்குவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல; யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார்.

அணு, அமிலம் போன்றவை பிரியாது. கருத்தே கடினமான சொல்லுக்கு நாற்கட்டம் நல்லது: பொருள், இயல்புகள், உதாரணம், உதாரணம் அல்லாதது. ‘திணிவு’க்கு: சடப்பொருளின் அளவு; அலகு கிலோகிராம், இடத்துக்கு இடம் மாறாது; 1 கிலோ அரிசி சந்திரனிலும் 1 கிலோவே; நியூட்டனில் அளக்கும் நிறை இதுவல்ல. ஒரு சொல்லுக்கு 15 நிமிடம் பிடிக்கும், ஆகவே கிழமைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். ஆரை, விட்டம், பரிதி மூன்றுக்கும் ஒரு படம் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் யூடியூப்பில் பார்க்கும் தமிழ்நாட்டுப் பாடங்களில் கலம் ‘செல்’, இழையம் ‘திசு’, மூலகம் ‘தனிமம்’, சேர்வை ‘சேர்மம்’. இவை புதுச்சொற்கள், ஆதலால் ஆபத்துக் குறைவு. ஆபத்தானது ‘நிறை’. அங்கே நிறை என்றால் எங்கள் திணிவு. எங்கள் நிறைக்கு அங்கே எடை. வகுப்பறைச் சுவரில் இந்தச் சோடியைப் பெரிதாக ஒட்டிவையுங்கள்.

கடைசியாக, எந்தப் பாட ஆசிரியரும் தன் பொறுப்பென்று எடுக்காத சொற்கள்: ஒப்பிடுக, வேறுபடுத்துக, விபரிக்க, காரணம் தருக. எல்லாப் பாட வினாத்தாளிலும் வருபவை இவைதான். ‘வேறுபடுத்துக’ என்ற கேள்விக்கு ஒற்றுமைகளையும் எழுதி நேரத்தை வீணாக்குவது பொதுவான பிழை. ஒரே பந்தியைக் கொடுத்து, ஒரு நாள் ஒப்பிடவும் மறுநாள் வேறுபடுத்தவும் எழுதவிட்டு, இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துத் திருத்துங்கள். தமிழ், விஞ்ஞானம், வரலாறு ஆசிரியர்கள் மூவரும் தவணைத் தொடக்கத்தில் கூடி இந்தச் சொற்களுக்கு ஒரே விளக்கத்தை எழுதிக்கொண்டால், பிள்ளை மூன்று விதமாகப் பழக வேண்டியிராது.