கையால் சுற்றும் டவுன்ரிகர்: ஆழத்து டிரவுட்டுக்கும் கொக்கனிக்கும் போதுமா?

கோடை முற்றினால் மலை நீர்த்தேக்கத்தின் மேல்நீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். டிரவுட்டும் சால்மனும் அதில் தங்காது. ரெயின்போ டிரவுட்டுக்கு 13 முதல் 16 டிகிரி வேண்டும். கடலுக்குப் போகாமல் நன்னீரிலேயே வாழும் சாக்கை சால்மன்தான் கொக்கனி. அது 10 முதல் 12 டிகிரி நீருக்கு இறங்கிவிடும். ஏரி டிரவுட் அதற்கும் கீழே. அமெரிக்காவின் பிளேமிங் கார்ஜ், புளூ மெசா போன்ற நீர்த்தேக்கங்களில் இந்த மூன்றும் ஒரே தண்ணீரில் ஆளுக்கொரு மாடியில் குடியிருக்கின்றன. கொக்கனியின் மாடி 15 மீட்டரிலும் இருக்கலாம், 30 மீட்டரிலும் இருக்கலாம். அங்கே இரையைக் கொண்டுபோய் நிறுத்தி, மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துப்போக வேண்டும். டவுன்ரிகர் அதற்கான கருவி: கம்பியில் தொங்கும் ஈயக்குண்டு ஆழத்துக்கு இறங்கும், அதிலுள்ள கிளிப் தூண்டில் நரம்பைப் பிடித்திருக்கும், மீன் கடித்தால் விட்டுவிடும்.

இங்கே பார்ப்பது மின்சாரம் இல்லாமல் கையால் சுற்றும் வகை. படகுக்கு வெளியே நீளும் 60 சென்டிமீட்டர் கை, 60 மீட்டர் எஃகுக் கம்பி சுற்றிய உருளை, பிரேக், ஆழம் காட்டும் எண்மானி, ராடை (தூண்டில் கோலை) செருகும் குழல், நரம்பைப் பிடிக்கும் கிளிப் ஆகியவை அதன் உறுப்புகள். ஈயக்குண்டைப் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும். உருளையும் பிரேக்கும் நன்றாகவே உழைக்கின்றன. கூட வரும் கிளிப்தான் கொக்கனிக்கு ஆகாது. எண்மானி சொல்வதையும் அப்படியே ஆழம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எண்மானி கணக்கிடுவது வெளியே போன கம்பியின் நீளத்தை. படகு நகரும்போது குண்டு பின்னால் தள்ளப்பட்டு, கம்பி சாய்கிறது. செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் 30 மீட்டர் கம்பிக்கு ஆழம் சுமார் 26 மீட்டர். 45 டிகிரி என்றால் 21 மீட்டர்தான். கம்பி நேர்கோடாக நிற்பதில்லை, மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் சாயும். ஆகவே நீர்மட்டத்தில் தெரியும் சாய்வை வைத்துப் போடும் கணக்கைவிடக் குண்டு சற்று ஆழத்திலேயே இருக்கும். ஒலியலையால் நீரடியைக் காட்டும் எக்கோ சவுண்டரின் அலைக்கூம்புக்குள் குண்டு விழுந்தால் திரையில் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை மீன்கூட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே நிறுத்தினால் போதும். கொக்கனி மேல்நோக்கி வந்து கடிக்கும். தனக்குக் கீழே போகும் இரையை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

20 மீட்டர் வரை 4 கிலோ குண்டு போதும். அதற்குக் கீழே 5 அல்லது 6 கிலோ போட்டால் சாய்வு குறையும். வால்துடுப்பு வைத்த குண்டையே வாங்குங்கள். வெறும் உருண்டை சுழன்றுகொண்டே போய் நரம்பைக் கம்பியில் முறுக்கிவிடும்.

இனி கிளிப். கடினமான ஸ்பிரிங் வைத்த கிளிப் பெரிய ஏரி டிரவுட்டுக்குச் சரிப்படும். கொக்கனியோ பெரும்பாலும் 30 முதல் 40 சென்டிமீட்டர் மீன். வாய் ஈரக் காகிதம் போலக் கிழியும். அந்தக் கிளிப்பை விடுவிக்க அதற்கு வலு கிடையாது. மாட்டிய மீன் குண்டின் பின்னாலேயே இழுபட்டு, வாய் கிழிந்து போய்விடும், மேலே ராடில் ஓர் அசைவும் தெரியாது. ஆகவே இலகுவான கிளிப்பைத் தனியாக வாங்கி, ரப்பர் பட்டையின் விளிம்பில் மட்டும் நரம்பு படும்படி மாட்ட வேண்டும். இறக்கும் முன் கையால் சுண்டிப் பாருங்கள்: சின்ன இழுப்புக்கே விடுபட வேண்டும். 4 கிலோ தாங்கும் நைலான் நரம்பு பட்டையில் நன்றாக நிற்கும். பின்னல் நரம்பு வழுக்கும். பின்னல்தான் வேண்டுமென்றால் நரம்பை ஐந்தாறு முறை முறுக்கி, அந்த வளையத்தைக் கிளிப்பில் கொடுக்க வேண்டும்.

இறக்குவதில் அவசரம் கூடாது. படகு ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மெல்லத் தளர்த்தி இறக்க வேண்டும். குண்டைச் சட்டென்று விட்டால் நரம்பு கிளிப்பிலிருந்து கழன்றுவிடும், இல்லாவிட்டால் இரை கம்பியில் சுற்றிக்கொள்ளும். குண்டுக்கும் இரைக்கும் 5 முதல் 10 மீட்டர் இடைவெளி. மேல்நீரில் மீன் மிரளும் என்பதால் 20 மீட்டர் வரை விடலாம். மீனை ஈர்க்க ஆடிக்கொண்டே போகும் 10 சென்டிமீட்டர் டாட்ஜர் தகடு, அதற்குப் பின் 25 முதல் 35 சென்டிமீட்டரில் சிறிய இரை. தகடு இருபுறமும் ஆட வேண்டும். முழுச்சுற்றுச் சுழன்றால் வேகம் அதிகம் என்று பொருள். படகோரம் இழுத்துப் பார்த்துவிட்டு இறக்குவது நல்லது. இறக்கி முடித்ததும் ராடின் நுனி நன்றாக வளையும்வரை நரம்பைச் சுற்றுங்கள். மீன் கடித்துக் கிளிப் விடுபடும்போது வளைந்த நுனி நிமிர்ந்து, தொய்வில் பாதியை அதுவே இழுத்துக்கொள்ளும். மீதியை உடனே சுற்றி எடுக்க வேண்டும்.

நீர்த்தேக்கத்துக்கே உரிய தொல்லை மூழ்கிய மரங்கள். அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட காடு அடியில் நின்றுகொண்டிருக்கலாம். குண்டு அதில் மாட்டினால் கம்பி ஓடிக் கொடுக்கும் அளவுக்குப் பிரேக் தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கி வைத்தால் படகின் அமரம் நீருக்குள் இழுபடும், அலை இருந்தால் ஆபத்து. கம்பி வெட்டும் இடுக்கி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பிரேக்கை விடும்போது கைப்பிடி சுழன்று விரலை அடிக்கிற மாதிரியும் உண்டு. பிரேக்கைத் தளர்த்தினால் கைப்பிடி அசையாமல் நிற்கும் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். எஃகுக் கம்பியில் ஒரு மடிப்பு விழுந்தாலும் அந்த இடம் அறுந்துபோகும். அதுவரை வெட்டிவிட்டு முனையைப் புதிதாகக் கிரிம்ப் செய்ய (சிறு உலோகக் குழலை நசுக்கி இறுக்க) வேண்டும்.

ஈய உட்கருவுள்ள நரம்பைப் பலர் மாற்றாகச் சொல்வார்கள். 10 கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும் அந்த நரம்பில், கொக்கனி வேகத்தில் ஒரு நிறத்துக்குச் சுமார் ஒன்றரை மீட்டர்தான் இறங்கும். 20 மீட்டருக்கு 13 நிறம், அதாவது ஏறக்குறைய 120 மீட்டர் நரம்பு வெளியே! மீனின் துடிப்பு கைக்கு வந்து சேராது. 10 மீட்டருக்குக் குறைவான ஆழத்தில் மட்டும் பிடிப்பவர்களுக்கு அது போதும், டவுன்ரிகர் வாங்கத் தேவையில்லை.

கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஓரடி ஏறும் மாதிரியும் உண்டு, இரண்டடி ஏறும் மாதிரியும் உண்டு. 30 மீட்டரிலிருந்து குண்டை எடுக்க முதலாவதில் 100 சுற்று, இரண்டாவதில் 50. ஒவ்வொரு மீனுக்கும், ஒவ்வொரு இரை மாற்றத்துக்கும் இதைச் செய்ய வேண்டும் என்பதால் இரண்டடி மாதிரியே மேல். ஏரி டிரவுட்டைத் தேடி 40 மீட்டருக்குக் கீழே நாள் முழுக்க இழுப்பவர்கள் மின்சார வகைக்கே போகலாம். மெல்லிய அலுமினியப் படகின் விளிம்பில் பொருத்துவோர் அடியில் ஒரு பலகையோ தகடோ கொடுத்து போல்ட் போட வேண்டும். திருகாணி மட்டும் போட்டால் குண்டு மாட்டிய முதல் நாளிலேயே பிய்ந்துவரும்.