தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: பரிமாறுகிறவரும் பங்குதாரர்

திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால், தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டிச் செங்கல் நிறத்தில் உருளையாக ஒரு கட்டடம் நிற்கும். முதல் முறை வருகிறவர்கள் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக் கடந்துபோய்விடக்கூடும். உள்ளே நுழைந்தால் மாடி மாடியாகத் தளங்கள் கிடையாது. தரையே சுருண்டு சுருண்டு மேலே ஏறுகிறது, அந்த ஏற்றத்தில்தான் மேசைகள். இதுதான் இந்தியன் காபி ஹவுஸ்.

கட்லெட் எப்படி, காபி எப்படி என்பதைக் கீழே சொல்கிறோம். அதற்கு முன் ஒன்று தெரிந்தாக வேண்டும். விசிறித் தலைப்பாகையோடு தட்டைக் கொண்டுவந்து வைக்கிறாரே, அவருக்கு மேலே முதலாளி என்று ஒருவர் இல்லை. கடை அவருடையது, அவரைப் போன்ற மற்ற தொழிலாளிகளுடையது. இந்த இடத்தின் நல்லது கெட்டது இரண்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

1930-களில் காபி விலை சரிந்தபோது, விளைந்த காபியை உள்நாட்டிலேயே குடிக்க வைக்க வேண்டும் என்று தோட்டக்காரர்கள் நினைத்தார்கள். காபி வரி வசூலித்த குழு 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் காபி ஹவுஸைத் திறந்தது. பிறகு காபி வாரியம் வந்தது, ஊர் ஊராகக் கிளைகள் வந்தன. 1950-களின் நடுவில் வாரியம் இவற்றை மூட முடிவெடுத்தது. தொழிலாளர்கள் தெருவுக்கு வரும் நிலை. அப்போது கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களுக்குக் காட்டிய வழி, மூடப்போகும் கடைகளைத் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து எடுத்து நடத்துவது. 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில் முதல் சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு முடிவதற்குள் டெல்லி, 1958-ல் திருச்சூர். 'இந்தியா காபி ஹவுஸ்' என்றிருந்த பெயர் 'இந்தியன் காபி ஹவுஸ்' ஆனது. கேரளத்தில் இன்று இரண்டு சங்கங்கள் இருக்கின்றன: தெற்கே திருச்சூர் சங்கம், வடக்கே கண்ணூர் சங்கம். தம்பானூர் கடை திருச்சூர் சங்கத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் சேர்த்து மாநிலத்தில் 50-க்கும் மேற்பட்ட கிளைகள், பல மருத்துவக் கல்லூரி வளாகங்கள் உட்பட.

நிர்வாகம் எப்படி நடக்கிறது? உறுப்பினரான தொழிலாளி சங்கத்தில் பங்கு வாங்குகிறார். ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஐம்பது வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். கம்பெனிச் சட்டத்துக்கும் கூட்டுறவுச் சட்டத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இது. கம்பெனியில் பணம் ஓட்டுப் போடும், இங்கே ஆள் ஓட்டுப் போடுகிறார். உறுப்பினர்கள் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூடி வரவு செலவைப் பார்க்கிறது. கணக்குக்குச் சட்டப்படி தணிக்கை உண்டு. லாபத்தில் ஒரு பகுதி கட்டாயமாகக் காப்பு நிதிக்குப் போகும், பங்குக்குத் தரும் லாபத்தொகையான ஈவுக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆகவே பங்கை வைத்து யாரும் பணக்காரராக முடியாது. தொழிலாளிக்குக் கிடைப்பது சம்பளம், போனஸ், வேலை உறுதி.

மேலாளர்களை வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்கும் வழக்கம் இங்கே இல்லை. மேசை துடைப்பதிலும் பாத்திரம் கழுவுவதிலும் தொடங்குகிறவர் பரிமாறுகிறவராகி, சமையலுக்கோ கல்லாவுக்கோ போய், கடைசியில் கிளை மேலாளர் ஆகிறார். இதன் பலன் நெரிசல் நேரத்தில் தெரியும். தோசைக்கல் ஏன் தாமதிக்கிறது என்று கல்லாவில் இருப்பவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, ஒருகாலத்தில் அவரே அதன் முன்னால் நின்றவர்தான். தலைப்பாகையும் இடுப்புப் பட்டையும் எல்லோருக்கும் உண்டு. பட்டையின் நிறத்தை வைத்து மேற்பார்வையாளர் யார் என்று கண்டுகொள்ளலாம். தலைப்பாகைத் துணி, கஞ்சி போட்டு விறைக்க வைத்து, விரல் அகலத்துக்கு மடிப்பு மடிப்பாக அழுத்தி விசிறி போல் விரித்தது. கஞ்சி குறைந்த நாளில் மழைக்காற்று பட்டாலே விசிறி சாய்ந்துவிடும்.

'தொழிலாளர்களை நம்பி நடத்தும் நிறுவனம்' என்ற பேச்சு வரும்போதெல்லாம் பிரேசிலின் செம்கோ எடுத்துக்காட்டாக வரும். 1980-ல் தந்தையிடமிருந்து அந்த நிறுவனத்தை ஏற்ற ரிக்கார்டோ செம்லர், வேலை நேரத்தையும் சம்பளத்தையும்கூடத் தொழிலாளர்கள் தீர்மானிக்கும் அளவுக்கு விட்டார். மதிக்க வேண்டிய முயற்சிதான். ஆனால் அங்கே உரிமையாளர் மனம் வைத்ததால் நம்பிக்கை வந்தது. காபி ஹவுஸில் அது சங்க விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது, யாருடைய நல்ல மனசையும் சார்ந்து நிற்கவில்லை. இரண்டில் எது நீடிக்கும் என்று கேட்டால், எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு.

இனி கட்டடம். வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-ல் பர்மிங்காமில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, இந்தியக் குடிமகனாகவே ஆகி, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். குறைந்த செலவில் உறுதியான கட்டடம் என்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். நகரத்தின் நடுவில் கைக்குட்டை அளவு இடத்தில் இத்தனை பேரை எப்படி உட்கார வைப்பது? சாதாரணமாக மாடி கட்டினால் படிக்கட்டே கால்வாசி இடத்தைத் தின்றுவிடும். பேக்கர் படிக்கட்டையே சாப்பாட்டுக் கூடமாக்கினார். நடுவில் ஒரு உருளை, அதைச் சுற்றி ஏறும் சரிவு, வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக மேசைகள். மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியவை, இழுக்க முடியாது. ஒவ்வொரு மேசையும் முந்தைய மேசையைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். வெளிச்சுவரில் செங்கல்லை விட்டுவிட்டு அடுக்கிய சிறு சிறு திறப்புகள் வழியாகக் காற்றும், வெட்டி எடுத்த துண்டுகளாக வெயிலும் உள்ளே வரும்.

மேலே ஏறுகிறவரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சரிவில் தட்டைச் சமமாகப் பிடிக்க வேண்டும், எதிரே இறங்குகிறவருக்கு வழி விட வேண்டும், கோப்பையிலிருந்து காபி சாசரில் தளும்பக் கூடாது. நடை சிறிதாக, முழங்கால் மடங்கி, கண் தட்டில் இல்லாமல் நாலு அடி முன்னால் இருக்கும். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்குவார் என்று எண்ணிப் பார்த்தால், கடைசிச் சுற்றுக்குத் தோசை சற்று ஆறி வருவதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். சூடாகத்தான் வேண்டும் என்றால் முதல் சுற்றிலேயே உட்காருங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் அதுவே நல்லது. கூட்டமாக வந்தவர்கள் ஒரே மேசையில் உட்கார இங்கே வழியில்லை, நாலு பேருக்கு மேல் என்றால் பிரிந்துதான் ஆக வேண்டும்.

சாப்பாட்டில் தமிழ்நாட்டுக்காரரை முதலில் திகைக்க வைப்பது மசால் தோசை. பிய்த்தால் உள்ளே சிவப்பு. உருளைக்கிழங்கோடு பீட்ரூட் சேர்ப்பது காபி ஹவுஸின் அடையாளம், வெஜிடபிள் கட்லெட்டிலும் அதே. கிழங்கின் மாவுத்தன்மையைப் பீட்ரூட்டின் இனிப்பு தூக்கிக் கொடுக்கிறது, மேலே மிளகும் இஞ்சியும் அந்த இனிப்பைத் தட்டி வைக்கின்றன. சரவண பவன் மசாலாவை மனசில் வைத்துக்கொண்டு சாப்பிட்டால் ஏமாற்றம்தான். தனிப் பண்டமாக நினைத்துச் சாப்பிட்டால் பிடித்துப்போகும்.

கட்லெட் தோசையைவிட ஒரு படி மேல். ரொட்டித் தூள் ஓடு மொறுமொறுப்பாக, உள்ளே கருஞ்சிவப்பாக, பக்கத்தில் பச்சை வெங்காயமும் தக்காளி சாஸும். வீட்டில் செய்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் உடைவதற்குக் காரணம் ஈரம். பீட்ரூட்டைக் கிழங்கோடு ஒரே குக்கரில் போட்டால் அது வேகும் முன் கிழங்கு தண்ணீர் குடித்துக் குழைந்துவிடும். அரை கிலோ கிழங்குக்கு நடுத்தரமான ஒரு பீட்ரூட், சிறிய கேரட் ஒன்று போதும். பீட்ரூட்டைத் தனியாக வேகவைத்துத் துருவி, வாணலியில் நீர் வற்றும்வரை பிரட்டுங்கள். கிழங்கு நன்றாக ஆறிய பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள். மைதாக் கரைசலில் முக்கி ரொட்டித் தூளில் புரட்டி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பொரித்தால் ஓடு விலகாது. எண்ணெய் காயாமல் போட்டால் கட்லெட் எண்ணெய் குடிக்கும், புகையக் காய்ந்தால் ஓடு கருகி உள்ளே ஜில்லென்று இருக்கும்.

காபியைப் பற்றி நேராகவே சொல்லிவிடலாம். கும்பகோணம் டிகிரி காபி நாக்குக்கு இது மெலிவாகப்படும். டபரா கிடையாது, பீங்கான் கோப்பையும் சாசரும்தான். பெரிய அளவில் டிகாக்‌ஷன் போடும் எந்தக் கடையிலும் உள்ள சிக்கல் இங்கேயும் உண்டு: சூட்டிலேயே வைத்திருக்கும் டிகாக்‌ஷன் நேரம் ஆக ஆகக் கசந்துகொண்டே போகும். புது டிகாக்‌ஷன் இறங்கும் காலை நேரத்தில் குடிப்பதே உத்தமம். ஆனால் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு செய்தித்தாளைப் படித்தால் யாரும் பில்லைக் கொண்டுவந்து நீட்டி விரட்டுவதில்லை. 'சார், ஸ்வீட் ஏதாவது எடுக்கலாமா' என்று விற்பனைப் பேச்சும் வராது. விற்பனை இலக்கு வைத்து மேலேயிருந்து யாரும் அழுத்தாத கடையில் பரிமாறுகிறவரின் நடத்தை இயல்பாக இப்படித்தான் இருக்கும்.

குறைகளை மறைத்தால் இந்த மதிப்புரைக்கு அர்த்தமில்லை. ஓட்டு உறுப்பினருக்கு மட்டும்தான் என்பதால், எந்தத் தொழிலாளர் கூட்டுறவையும் அளக்க முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அங்கே வேலை செய்கிறவர்களில் எத்தனை பேர் உறுப்பினர் என்பது. உறுப்பினர் எண்ணிக்கையைச் சுருக்கித் தற்காலிக ஆட்களைக் கூட்டினால், பழைய தொழிலாளிகளே புதிய முதலாளிகள் ஆகிவிடுவார்கள். இன்னொன்று, பல பத்தாண்டுகளாக இந்தத் தலைப்பாகை ஆண்களுக்கே உரியதாக இருந்தது. கேரளக் கிளைகளில் பெண்கள் பரிமாற வந்தது மிக அண்மையில்தான். சமத்துவத்தின் பெயரால் தொடங்கிய இயக்கத்துக்கு இது தாமதம், பெரிய தாமதம்.

போனஸா, புது அடுப்பா என்ற இழுபறியும் கூட்டுறவோடு பிறந்தது. ஓட்டுப் போடுகிறவரே போனஸும் வாங்குகிறவர் என்பதால், பத்து வருடம் கழித்துப் பலன் தரும் செலவுக்குக் கை தூக்க வைப்பது கடினம். சட்டம் கட்டாயமாக்கிய காப்பு நிதி இதற்கு ஓரளவு தடுப்பு. அடுத்து, நிர்வாகக் குழுவைக் கலைத்துத் தன் நிர்வாகியை அமர்த்தும் அதிகாரம் கூட்டுறவுச் சட்டப்படி அரசின் கையில் இருக்கிறது. முறைகேட்டைத் தடுக்க வைத்த கதவு, ஆட்சி மாறும்போது வேறு எதற்கும் திறக்கக்கூடிய கதவு. தேர்தலில் அணி பிரிவதும் நடக்கும். அது கிளை மேலாளரின் அன்றாட முடிவுகளுக்குள் நுழையாமல் காப்பதே நிர்வாகக் குழுவின் திறமை.

இத்தனைக்கும் பிறகு சங்கங்கள் நிலைத்து நிற்கின்றன. இதே கேரளத்தில் 1969-ல் வேலை இழந்த பீடித் தொழிலாளர்கள் கண்ணூரில் தொடங்கிய தினேஷ் பீடி, பீடி விற்பனை சுருங்கியபோது தேங்காய்ப்பால், குடை என்று வேறு பொருள்களுக்கு மாறித் தொழிலாளர்களைக் காத்தது. ஆட்குறைப்பு என்ற எளிய வழி இல்லாததால் வேறு வழி தேடித்தான் ஆக வேண்டியிருந்தது. காபி ஹவுஸும் மருத்துவமனை வளாகங்களுக்குள் போனது அந்த மாதிரி நல்ல முடிவு. நோயாளியோடு இருக்கும் குடும்பத்துக்கு அங்கே கட்டுப்படியாகும் விலையில் சோறு கிடைக்கிறது.

போகிறவர்களுக்கு: ரயிலுக்கு முக்கால் மணி நேரமாவது இருக்கும்போது போங்கள். மதிய நெரிசலில் சரிவில் நின்று இடம் தேடினால் பரிமாறுகிறவர்களுக்கு வழி அடைபடும், அதனால் காலையில் அல்லது மாலை நாலு மணி வாக்கில். கட்லெட் இரண்டு, காபி ஒன்று, பசித்தால் முட்டை ரோஸ்ட். மற்ற ஊர்களில் இதே சுவையை எதிர்பார்க்காதீர்கள், ஒவ்வொரு சங்கமும் தனித்தனி, சமையலும் தனித்தனி. கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய ஆல்பர்ட் ஹாலின் உயர்ந்த கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் அது வேறு உலகம். தமிழ் பேசியே ஆர்டர் கொடுக்க வேண்டுமென்றால் புதுச்சேரி நேரு வீதிக் கிளை இருக்கிறது.