செபுவில் எஸ்க்ரிமா வகுப்பு: பயிற்சிக்கு ஐந்து நட்சத்திரம், கையில் தரும் வரலாற்றுத் தாளுக்கு ஒன்று

பிலிப்பைன்ஸில் செபு நகரத்தில் வேலைக்காகத் தங்கியிருப்பவர்களோ சுற்றுலா போகிறவர்களோ அந்த நாட்டுக் குச்சிச் சண்டைக் கலையான எஸ்க்ரிமா கற்றுக்கொள்ளலாமா என்று யோசித்தால், தாராளமாகப் போகலாம். நான் சேர்ந்த கிளப் சின்னது. ஒரு வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட சிமெண்ட் தரை, ஒரு மின்விசிறி, மூலையில் பிளாஸ்டிக் டிரம் நிறையப் பிரம்புக் குச்சிகள், அவ்வளவுதான். தனியாகச் சொல்லிக்கொடுக்க மணிக்கு 500 பெசோ வாங்குகிறார்கள், அந்தத் தரத்துக்கு இது குறைவுதான். கிளப்பின் பெயரை எழுதப்போவதில்லை, ஏனென்றால் நான் கீழே சொல்லும் குறை அந்த ஒரு இடத்தோடு முடிகிற குறை இல்லை, இந்தக் கலையை வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் எத்தனையோ இடங்களில் அதே கதைதான் ஓடுகிறது.

முதலில் பயிற்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு குச்சி, ஏறக்குறைய 28 அங்குலம். ஆசிரியர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று அடியை இறக்குவார், நாம் தடுக்க வேண்டும், தடுத்த கையோடு இடது கை போய் அவர் குச்சியையோ மணிக்கட்டையோ தொட்டு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிக்கொண்டே திருப்பி அடிக்க வேண்டும். ஆரம்பத்தில் பன்னிரண்டு அடிகளும் வரிசையாக வரும். அப்புறம் வரிசை கலைந்துவிடும், எந்த அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாது. இதை இங்கே பலாகாட் என்கிறார்கள். நாம் தடுக்கத் தவறினால் அவருடைய குச்சி நம் காதுக்கு ஒரு விரல்கடை முன்னால் வந்து அப்படியே நின்றுவிடும், மேலே படவே படாது, அந்தக் கட்டுப்பாட்டுக்கே காசு கொடுக்கலாம். வேகம் கூடும்போது பிரம்பும் பிரம்பும் உரசி லேசாகத் தீய்ந்த வாசனை வரும். குச்சி உடையாது, நுனியில் நார் நாராகப் பிரியும், அதற்கு மேல் டேப்பைச் சுற்றி மறுபடியும் டிரம்மில் போட்டுவிடுவார்கள்.

சின்ன வயதில் ஊரில் சிலம்பம் சுற்றியிருக்கிறேன், அதனால் இது சுலபமாக வந்துவிடும் என்று யாராவது நினைத்தால் வராது. சிலம்பத்தில் நெற்றி உயரக் கம்பு, இரண்டு கைப்பிடி, எதிராளியைத் தள்ளியே நிறுத்தி வைக்கும் வீச்சு, அதற்கென்றே அமைந்த காலடி வரிசை. இங்கே எதிராளியின் மூச்சு மேலே படும் தூரத்தில் நின்று ஆட வேண்டும், பாதி வேலை குச்சி இல்லாத கையில் இருக்கிறது.

ஆசிரியருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சான்றிதழில் கிராண்ட்மாஸ்டர் என்று போட்டிருந்தாலும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் 'நோங்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், மூத்த ஆண்களை செபுவானோக்காரர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

சரி, குறைக்கு வருவோம். சேருகிற அன்றே இரண்டு பக்க அச்சுத் தாள் ஒன்றைத் தருகிறார்கள். அதன்படி இந்தக் கலையின் ஆதிப் பெயர் காலி. வயது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். போர்னியோவிலிருந்து வந்த பத்துத் தாட்டுகள், அதாவது குறுநிலத் தலைவர்கள், இதைக் கொண்டுவந்து பள்ளிகள் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 1521இல் மக்டான் தீவின் தலைவர் லாப்புலாப்பு இந்தக் கலையால்தான், ஸ்பானியக் கப்பல்களோடு வந்த மாலுமி மெகல்லனைக் கொன்றார். பிறகு ஸ்பானியர்கள் தடை போட்டார்கள், மக்கள் அதை நாடகத்துக்குள்ளும் நடனத்துக்குள்ளும் ஒளித்து வைத்தார்கள், பெயரும் மாறிவிட்டது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியாக இழுத்துப் பார்த்தால் கையோடு வந்துவிடுகிறது.

பத்துத் தாட்டுகள் கதை பெரும்பாலும் 1907இல் பெட்ரோ மோந்தெக்லாரோ அச்சிட்ட மராக்தாஸ் நூல் வழியாகப் பரவியது. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் கலாந்தியாவ் சட்டத் தொகுப்பு 1433இல் எழுதப்பட்டது என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்களிலேயே இருந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஹோசே மார்கோ. 1968இல் வில்லியம் ஹென்றி ஸ்காட் என்ற ஆய்வாளர் மூலங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, அது மார்கோவின் கைவேலை என்று காட்டினார். மராக்தாஸையும் ஸ்பானியர்களுக்கு முந்தைய ஆவணமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். பிலிப்பைன்ஸ் தேசிய வரலாற்று நிறுவனமே 2004இல் கலாந்தியாவ் தொகுப்புக்கு வரலாற்று அடிப்படை இல்லை என்று அறிவித்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு 'பத்துத் தாட்டுகள் கொண்டுவந்த காலி' என்று இன்றைக்கும் ஒரு கிளப் தாள் அடித்துக் கொடுப்பது சரியில்லை.

மெகல்லன் விஷயத்தில் நேரில் இருந்து அடிபட்டவரின் குறிப்பே நம்மிடம் இருக்கிறது. மெகல்லனோடு பயணம் வந்த அந்தோனியோ பிகாஃபெட்டா அந்தச் சண்டையில் காயம்பட்டவர். கரையேறியவர்கள் 49 பேர், எதிரே 1,500 பேருக்கு மேல் என்கிறார். அம்பு, மூங்கில் ஈட்டி, நுனியைத் தீயில் வாட்டிய கழி எல்லாம் வருகின்றன. மெகல்லனின் இடது காலில் ஒருவன் பெரிய வெட்டுக்கத்தியால் வெட்டினான், அவர் குப்புற விழுந்தார், எல்லோரும் பாய்ந்தார்கள். வெட்டியவன் பெயர் இல்லை, எந்தக் கலையின் பெயரும் இல்லை, லாப்புலாப்பு தன் கையால் கொன்றதாகவும் இல்லை. ஊரே சேர்ந்து முழங்கால் தண்ணீரில் நின்று ஜெயித்த சண்டையை ஒரு மாஸ்டரின் தனித் திறமையாகச் சுருக்கினால், அங்கே நின்ற மற்ற ஆயிரத்துச் சொச்சம் பேரை என்ன செய்வது?

பெயர்ச் சண்டைதான் இதில் பெரிது. எஸ்க்ரிமா, வாள் சண்டைக்கு ஸ்பானியர்கள் சொல்லும் எஸ்கிரிமாவிலிருந்து வந்தது. ஆர்னிஸ், கவசத்தைக் குறிக்கும் அவர்களுடைய ஆர்னேஸிலிருந்து வந்தது. விசாயாஸ் தீவுகளில் எஸ்க்ரிமா என்பார்கள், வடக்கே லுசோன் தீவுப் பக்கம் ஆர்னிஸ் என்பார்கள். காலி என்ற பெயர் அதிகம் புழங்குவது அமெரிக்காவில். 1957இல் பிளாசிடோ யாம்பாவ் வெளியிட்ட டகாலோக் மொழி ஆர்னிஸ் புத்தகத்தின் வரலாற்றுப் பகுதியில், காலிதான் பழைய பெயர் என்ற கருத்து அச்சில் வந்தது. ஹவாய், கலிஃபோர்னியா தோட்டங்களுக்கு வேலைக்குப் போன பிலிப்பினோக்கள் வழியாகக் கலை அங்கே வேர்விட்டது, அவர்களிலேயே ஸ்டாக்டன் நகரில் 1966இல் பொதுமக்களுக்குப் பள்ளி திறந்த ஏஞ்சல் கபாலெஸ் எஸ்க்ரிமா என்ற பெயரைத்தான் வைத்திருந்தார். பிறகு புரூஸ் லீயிடம் பயின்ற டான் இனோசாண்டோ போன்றவர்கள் காலி என்ற பெயரைப் பரப்ப, உலகம் முழுக்க அது ஒட்டிக்கொண்டது.

காலி தரப்புக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கலிஸ் என்ற ஆயுதப் பெயர் உண்மையில் பழையது, பிகாஃபெட்டா 1521இல் தொகுத்த செபுச் சொற்பட்டியலிலேயே இருக்கிறது. லுசோனின் வடக்கே பேசும் இபனாக் மொழியில் பக்கலிகலி என்ற சொல்லைக் காட்டுகிறார்கள். ஆனால் கத்திக்குப் பெயர் இருந்ததாலேயே கலைக்கும் அதே பெயர் இருந்தது என்று ஆகிவிடாது, அதுவே எல்லாவற்றுக்கும் தாய்க்கலை என்று சொல்ல இன்னும் எவ்வளவோ வேண்டும்.

இந்த இடத்தில் நம் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் இந்தக் காலியும் நம் காளியும் ஒரே மாதிரி இருப்பதை வைத்து, சிலம்பம்தான் பிலிப்பைன்ஸ் போய் இப்படி ஆனது, செபுவை ஆண்ட ஸ்ரீ லுமாய் சோழ இளவரசன், ஆகவே எல்லாம் நம்முடையது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஸ்ரீ லுமாய் கதை வாய்மொழி மரபு என்று சொல்லி இருபதாம் நூற்றாண்டில் எழுத்தில் வந்தது, அந்தக் காலத்துக் கல்வெட்டோ செப்பேடோ அதற்குத் துணையில்லை. தொடர்பே கிடையாதா என்றால் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் கிடைத்த லகுனா செப்பேடு சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900ஐச் சேர்ந்தது, பழைய மலாய் மொழியில் சமஸ்கிருதச் சொற்கள் கலந்து எழுதியிருக்கிறது. ஆனால் அது ஒரு கடன் தீர்ந்த பத்திரம். அதில் கம்புச் சண்டை எங்கேயும் இல்லை. இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒன்றிலிருந்து இன்னொன்று பிறந்தது என்று நம்ப உடம்பில் எனக்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. சிலம்பத்துக்குச் சொந்தமாகவே போதுமான பெருமை இருக்கிறது.

எனக்கு வருத்தம் என்னவென்றால், அந்தத் தாளில் இருக்க வேண்டிய வரலாறு அதே ஊரில், நடந்து போகும் தூரத்தில் கிடக்கிறது. 1920இல் லொரென்சோ சாவெத்ராவின் தலைமையில் செபுவில் ஒரு சங்கம் அமைகிறது, அதன் பெயர் லபங்கோன் ஃபென்சிங் கிளப். ஆயிரம் ஆண்டுக் கதை எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, நேரடியாக வாள்சண்டைச் சங்கம் என்றே வைத்துக்கொண்டார்கள். அது கலைந்த பிறகு 1932 ஜனவரியில் டோசே பாரெஸ் என்ற சங்கம் உருவாகிறது, சாவெத்ராக்களும் கன்யேதே சகோதரர்களும் சேர்ந்து. டோசே பாரெஸ் என்பது சார்லமேன் மன்னனின் பன்னிரண்டு வீரர்கள், பிலிப்பைன்ஸ் கிராமங்களில் பாட்டாகவும் நாடகமாகவும் ஓடிய ஐரோப்பியக் கதை. அந்த நாடகங்களில் வாள் சுழற்றும் காட்சிகள் நிஜமாகவே உண்டு. நாடகத்துக்கும் கலைக்கும் உறவு இருந்திருக்கிறது என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது, ஒளித்து வைத்தார்கள் என்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும், தாளில் தடைச் சட்டத்தின் எண்ணோ தேதியோ கிடையாது.

பிறகு அன்சியோங் பேகன், முழுப் பெயர் வெனான்சியோ பேகன், டோசே பாரெஸிலிருந்து பிரிந்து 1952இல் பாலிண்டவாக் தெருவில், மாணவர் ஒருவரின் கடிகாரக் கடைக்குப் பின்னால் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறார். தெருப் பெயரே பாணியின் பெயராகிவிட்டது. ஒற்றைக் குச்சி, கிட்ட நின்று ஆட்டம், இடது கை வேலை, இன்று நகரம் முழுக்கப் பார்க்கிற இவற்றுக்கு இந்த இரண்டு தரப்புக்கும் நடந்த போட்டியும் சவால் சண்டைகளும்தான் கூர்மை கொடுத்தன. கடிகாரக் கடை சந்துக்கு வெளிநாட்டு மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அதற்கு முந்தைய காலத்துக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி இருக்கிறது. செபுத் தீவின் தெற்கே போல்ஹூன் போனால் கோட்டை போலக் கட்டிய தேவாலயம் நிற்கிறது. தெற்குக் கடலிலிருந்து அடிமை பிடிக்க வந்த மோரோக்களின், அதாவது தெற்குத் தீவு முஸ்லிம்களின், படகுகளைச் சமாளிக்க, ஹூலியான் பெர்மேஹோ என்ற அகஸ்டீனியப் பாதிரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரை நெடுகக் காவல் கோபுரங்கள் எழுப்பி ஊர்மக்களைப் படையாகப் பழக்கினார். உள்ளூர்க் கத்திப் பழக்கமும் ஸ்பானிய வாள் முறையும் கலக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. எண்ணிட்ட அடிகள், 'எஸ்பாதா இ தாகா' என்று வாளும் குத்துவாளும் சேர்ந்த ஆட்டம், கோர்த்தோ (கிட்ட), லார்கோ (எட்ட) என்று தூரத்தைச் சொல்வது எல்லாம் அந்தக் கலப்பைத்தான் காட்டுகின்றன. எல்லாமே ஸ்பானியர் போட்ட பிச்சை என்று இன்னொரு கட்சி பேசுகிறது, அதுவும் தப்பு, மக்டானில் 1521இலேயே இவர்களுக்குச் சண்டை தெரிந்திருந்தது.

அரசாங்கம் தன் பங்குக்கு 2009 டிசம்பரில் குடியரசுச் சட்டம் 9850ஐக் கொண்டுவந்து, ஆர்னிஸைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது. அதிலேயே எஸ்க்ரிமா, காலி, கரோத்தே என்று மாற்றுப் பெயர்களை அடுக்கிவிட்டதால் சண்டை தீரவில்லை, எல்லோரும் தங்கள் பெயரைச் சட்டத்தில் காட்டுகிறார்கள். செபுவில் ஆர்னிஸ் என்று சொன்னால் பெரியவர்கள் திருத்துகிறார்கள்.

நோங்கிடம் தாளைக் காட்டிக் கேட்டேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "என் ஆசிரியர் எஸ்க்ரிமா என்றுதான் சொன்னார். காலி என்ற பெயரை ஒரு அமெரிக்க மாணவன் சொல்லித்தான் நான் முதலில் கேட்டேன்" என்றார். தாளை எழுதியது கிளப்பின் முன்பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் மருமகன். வெளிநாட்டுக்காரர்கள் இணையத்தில் காலி என்று தேடித்தான் வருகிறார்கள், அந்தப் பெயர் இல்லாவிட்டால் ஆள் வராது என்றார் அவர். அவருடைய பிழைப்பு எனக்குப் புரிகிறது. பலகையில் காலி என்று இருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கையில் தரும் தாளில் மட்டும் மாமாவின் ஆசிரியர் யார், அவருடைய ஆசிரியர் யார், எந்தத் தெருவில் கற்றார்கள் என்று எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், யோசிப்பதாகச் சொன்னார்.

போகிறவர்களுக்கு. காலை வகுப்பையே கேளுங்கள், பத்து மணிக்கு மேல் தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியாது. முதல் வாரம் கட்டைவிரல் மூட்டில் தோல் உரியும், பிளாஸ்திரி எடுத்துப் போங்கள். கண்ணாடி அணிபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். பிரம்புக் குச்சி அங்கேயே வாங்கலாம், திரும்பும்போது விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். முன்பதிவு செய்யும்போது சொல்லிக்கொடுக்கப் போவது நோங்தானா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.