பீரோவில் பூத்த பூசணம்: பிளீச்சிங்கா, வினிகரா, ஸ்பிரிட்டா, வெயிலா?

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை வீடுகளில் பீரோவைத் திறந்தால் முதலில் வருவது மக்கல் வாடைதான். ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: பிளீச்சிங் பவுடர் போடு, வினிகர் தெளி, அந்துருண்டை வை, சாம்பிராணி காட்டு. இவற்றில் சில ஏதோ ஒரு பொருளுக்குச் சரி, எதுவும் எல்லாவற்றுக்கும் சரியில்லை. எதன்மேல் பூத்திருக்கிறது, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எதைத் தெளித்தாலும் பத்து நாளில் திரும்ப வந்துவிடும்.

அதற்கு முன், சுவரில் வெள்ளையாகத் தெரிவது பூசணம்தானா என்று பாருங்கள். கடலோரத்துப் பழைய வீடுகளில் தரையீரம் சுவரில் ஏறி, உப்பு பொரிந்து நிற்கும். விரலால் தேய்த்தால் உப்பு நறநறவென்று உதிரும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்து காணாமல் போகும். பூசணம் கரையாது, கோழையாக இழுபடும், வாடையும் இருக்கும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது சுவருக்குள்ளேயே திரும்பப் போய்விடும். அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோவின் முதுகு காய்வதே இல்லை. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காலுக்கு 2 அங்குல மரக்கட்டை கொடுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பிளீச்சிங் நன்றாக வேலை செய்வது தண்ணீரை உறிஞ்சாத பொருள்களில்: டைல்ஸ், பிளாஸ்டிக் டப்பா, ஃபிரிட்ஜ் கதவு ரப்பர். லிக்விட் பிளீச் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 60 மி.லி. பவுடர் என்றால் லிட்டருக்கு 1 மேசைக்கரண்டி கலக்கி, அரை மணி நேரம் தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குளோரின் பாதி அழுக்கிலேயே வீணாகும். தடவி 10 நிமிடம் விட்டுக் கழுவலாம். பிரித்து வைத்த பவுடர் பாக்கெட் ஈரக்காற்றில் வீரியம் இழக்கும். போன வருஷத்துப் பாக்கெட்டை நம்பாதீர்கள். ஸ்டீல் பீரோவுக்கு பிளீச்சிங் வேண்டவே வேண்டாம், பெயின்ட் கீறல் விட்ட இடமெல்லாம் துரு ஏறும். மரத்திலும் தோல்விதான்: குளோரின் மேலேயே நின்றுவிட, அதிலிருக்கும் தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கும். மேலே வெளுத்து, உள்ளே பூசணத்துக்கு ஈரம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங்கோடு வினிகரையோ பாத்ரூம் ஆசிட்டையோ சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் ஒன்றைப் போட்டுவிட்டு, "சரியாகப் போகவில்லை" என்று அடுத்ததையும் ஊற்றுவதுதான் பெரிய ஆபத்து.

வினிகரில் கடைகளில் கிடைக்கும் 4 சதவீத வெள்ளை வினிகரைத் தண்ணீர் சேர்க்காமல் தெளித்து, 1 மணி நேரம் விட்டுத் துடைக்க வேண்டும். புளித்த வாடை ஒரே நாளில் போய்விடும். எல்லா வகைப் பூசணத்தையும் இது கொல்லாது, ஆனால் பருத்தித் துணிக்கு இதுவே முதல் தேர்வு: அரை வாளித் தண்ணீரில் 2 டம்ளர் ஊற்றி 1 மணி நேரம் ஊறவைத்து, பிறகு வழக்கம்போல் சோப்புப் போட்டுத் துவையுங்கள். அதற்குப் பிறகும் கரும்புள்ளி நின்றால் அது கறை. வெள்ளைப் பருத்தியென்றால் மட்டும், வினிகரை நன்றாக அலசி எடுத்துவிட்டு, இன்னொரு நாள் பிளீச் போடலாம். மொசைக், மார்பிள் தரையில் வினிகர் சிந்தினால் பளபளப்பு போய்விடும்.

பிளைவுட் அலமாரியின் உட்புறம், தோல் பை, ஸ்டீல் பீரோவின் தட்டு ஆகியவற்றுக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 70 சதவீத ஸ்பிரிட்தான் எங்கள் தேர்வு. காரணம் எளிது. வினிகரில் 96 சதவீதம் தண்ணீர். ஏற்கெனவே ஊறிய பலகைக்கு இன்னும் தண்ணீர் கொடுப்பானேன்? ஸ்பிரிட் சில நிமிடங்களில் ஆவியாகிவிடும். இதைவிடக் கடுமையான ஸ்பிரிட் பூசணத்தைக் கொல்லும் முன்பே பறந்துவிடும். துணியில் நனைத்துத் துடையுங்கள், ஸ்பிரே அடிக்காதீர்கள். அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. பழைய தேக்கு சாமான்களின் பாலிஷ் இதில் கரையும், மறைவான மூலையில் தடவிப் பாருங்கள். சான்றிதழ், பத்திரம் போன்றவற்றில் தொடவே வேண்டாம், பேனா மையும் முத்திரையும் கலைந்துவிடும். காகிதத்தை ஃபேன் காற்றில் முழுக்க உலரவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் வாசலுக்கு வெளியே தட்டுங்கள்.

வெயில் செலவில்லாதது, சாயம் போகாத துணிக்கும் தலையணைக்கும் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. காலை 10 மணிக்கு மேல் போட்டு, பனி இறங்கும் முன் 4 மணிக்கு எடுத்துவிட வேண்டும். எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் மாடியில் சாம்பல் தூசி படியும், மேலே பழைய வேட்டி போர்த்திக் காயவையுங்கள். பட்டுப்புடவைக்கு மட்டும் நேர் வெயில் ஆகாது. பிளீச் பட்டிழையையே அரித்துவிடும், ஸ்பிரிட்டில் சாயம் இறங்கும். மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் மெதுவாகத் துடைத்து, 2 நாள் நிழலில் ஃபேன் காற்றில் உலர்த்தி, டிரை வாஷுக்குக் கொடுங்கள். திரும்ப வைக்கும்போது பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வெள்ளைத் துணியில் சுற்றுங்கள்.

இனி வாடை. அந்துருண்டை பூச்சிக்கானது, பூசண வாடையின்மேல் தன் வாடையைப் போர்த்துமே தவிர ஈரத்தை எடுக்காது. கைக்குழந்தை துணியோடு வைக்கவே கூடாது: G6PD என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரும். சாம்பிராணியும் வாடையை மறைப்பதோடு சரி. அடுப்புக்கரி கொஞ்சம் வாடை இழுக்கும், ஈரத்துக்குப் போதாது. கிண்ணத்தில் கல் உப்பு வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு தண்ணீர் இழுக்கும், அதற்குக் கீழே சும்மா இருக்கும். பூசணமோ 70 சதவீதத்திலேயே வளரும். கால்சியம் குளோரைடு பாக்கெட் 60-க்கும் வெகு கீழே வரை இழுக்கும், மூடிய பீரோவுக்கு அதுதான் பயன்படும். கதவுக்கு ஒன்று தொங்கவிட்டு, அடிப்பையில் தண்ணீர் நிரம்பியதும் மாற்றுங்கள். அந்தத் தண்ணீர் பட்டிலோ தோலிலோ சிந்தினால் கறை நிற்கும், துணிகளுக்கு மேலே மாட்டாமல் ஓரமாக மாட்டுங்கள். அறை முழுக்க ஈரம் என்றால் ஏசியை டிரை மோடில் ஓட்டலாம், ஜன்னலைச் சாத்திவிட்டு.

மெத்தையில் பாதி வேலை நடக்காது. இலவம் பஞ்சு மெத்தை வெறும் காற்றீரத்தில் பூத்திருந்தால் உறையைப் பிரித்து, பஞ்சை உதறி 2, 3 நாள் வெயிலில் போட்டு, புது உறை தைத்துப் பயன்படுத்தலாம். வெள்ளத்தில் நனைந்ததென்றால், பஞ்சோ ஃபோமோ தேங்காய் நாரோ, வெளியே போட்டுவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் பக்கம் வீடுகளுக்குள் வந்த தண்ணீரில் எண்ணெயும் கலந்திருந்தது. அப்படி ஊறிய மெத்தையை எந்த வெயிலும் எந்த மருந்தும் திரும்பப் படுக்கத் தக்கதாக ஆக்காது.